மொழி மடலுக்கு மறுமொழி வேண்டும்

நம் திங்களிதழோடு ‘மொழி மடல்’ என்னும் நான்கு பக்கத் தாளொன்று இணைந்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலைச்சரிவுகளிலும் தமிழ் பேசி வாழும் குடும்பங்களுக்குத் தம் மொழியைப் பற்றியும், தம்மைச் சூழ்ந்து வழங்கும் மலையாளத்தைப் பற்றியும் சில செய்திகள் வீடு தேடி வரட்டும் என்னும் எண்ணத்தால் தொடங்கிய முயற்சி அது. அம்மடலைக் குறித்துத் தங்கள் கருத்தைக் கேட்பதற்கென்றே இம்மாதம் இப்பக்கத்தை ஒதுக்கிக்கொண்டோம்.

இதுவரை கருத்தே வரவில்லை என்று சொன்னால் அது நன்றி மறந்த பேச்சாகும். கருத்து வருகிறது. ‘மடல் மிக நன்று, தொடர்க நும் பணி’ என்று வருகிறது. பாராட்டு எவருக்கும் கசப்பதில்லை, நமக்கும் கசக்கவில்லை. ஆயினும், பந்தியில் உண்டெழுந்தவர் அனைவரும் ‘சமையல் அபாரம்’ என்று சொல்லிக் கைகழுவப் போய்விட்டால், உப்பு மிகுந்த கறி எது என்று சமைத்தவன் அறிவது எங்ஙனம்? இலையில் மிஞ்சிக் கிடப்பது எது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மடல் அனுப்புவோருக்கு அந்த இலையைப் பார்க்கும் வாய்ப்பில்லை. எந்த வீட்டில் எதுவரை வாசித்தார்கள், எந்தச் சொல்லில் தயங்கி நின்றார்கள், யார் வாசிக்க யார் கேட்டார்கள் என்பதெல்லாம் தாங்கள் எழுதினாலன்றி நமக்கு எட்டாது.

எத்தகைய கடிதத்தை நாடுகிறோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பீருமேட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் அஞ்சலட்டையில் எட்டே வரி எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்தெடுத்து ஓய்ந்த அவருடைய தாயார் ஓர் அலுவலகத்துக்குச் சென்றாராம். அங்கிருந்தவர் ‘ரேக உண்டோ?’ என்று கேட்க, அம்மையார் உடனே இடக்கைக் கட்டைவிரலை நீட்டினாராம். அவர் கேட்டது ஆவணத்தை. அம்மையார் புரிந்துகொண்டது கைரேகையை. ‘இத்தகைய சொற்களை மடலில் ஒரு பக்கம் போட்டால் என்ன?’ என்று கடிதம் முடிந்திருந்தது.

எட்டுப் பக்கப் பாராட்டும் அந்த எட்டு வரிக்கு ஈடாகாது. எல்லைப்புறத்தில் வாழும் தமிழரை இடறிவிடுபவை தெரியாத மலையாளச் சொற்கள் அல்ல. தெரிந்தவைபோல் தோன்றும் சொற்களே. தெரியாத சொல்லானால் ‘அது என்ன?’ என்று கேட்டுவிடுவோம். தெரிந்த சொல்லுக்கு யார் பொருள் கேட்பார்கள்?

‘ஆதாரம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். நமக்கு அது சான்று. மலையாளத்திலோ வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிய கிரய ஆவணத்துக்கே ஆதாரம் என்று பெயர். இப்பொழுது ‘ஆதார்’ அட்டை வேறு நடுவில் வந்து சேர்ந்துகொண்டதால், ‘ஆதாரம் கொண்டு வா’ என்றால் எதை எடுத்துச் செல்வதென்று கற்றவரே ஒரு கணம் திகைக்க வேண்டியிருக்கிறது. நாம் பத்திரம் என்பதை அவர்கள் ஆதாரம் என்கிறார்கள். அவர்கள் ‘பத்ரம்’ என்றால் அது செய்தித்தாள். ‘தாமசம்’ நமக்குக் காலதாழ்வு. அவர்களுக்கு அப்பொருளும் உண்டு, குடியிருப்பு என்னும் பொருளும் உண்டு. ‘எவிடெயா தாமசம்?’ என்று வினவுபவரிடம் ‘பஸ்தான் தாமசம்’ என்று விடை கூறினால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். நமக்குத் துன்பமாகிய ‘அவதி’ அவர்களுக்கு விடுமுறை. ‘நாளெ அவதி’ என்று பள்ளியில் அறிவித்தால் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பது அதனால்தான். நம் ‘அவசரம்’ விரைவு. அவர்கள் ‘அவசரம்’ வாய்ப்பு. ‘தொழிலவசரம்’ என்று பலகையில் எழுதியிருந்தால் அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கொள்க. ‘சம்சாரம்’ என்பது அவர்களுக்குப் பேச்சு. மலையாள நண்பர் ‘சம்சாரத்தை நிறுத்து’ என்று சொன்னால் அவர் நம்மைத் துறவுக்கு அழைக்கவில்லை.

‘பட்டி’ என்னும் சொல்லால் நம் பிள்ளைகள் படும் பாடு தனி. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று தாய்வழிப் பாட்டனார் ஊரைச் சொன்ன குழந்தையை வகுப்பே பார்த்துச் சிரித்தால், அக்குழந்தை அடுத்த முறை ஊர்ப்பெயரையே விழுங்கிவிடும். பட்டி என்பது ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடைப்பிடமாகவும், பின்னர்ச் சிற்றூருக்குப் பெயராகவும் வழங்குவது என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் அச்சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். மடல் அந்த ஒருவராக இருக்க விரும்புகிறது.

மேற்சொன்னவற்றில் பல வடமொழியிலிருந்து இரு மொழிகளும் எடுத்துக்கொண்ட சொற்கள். ஒரே சந்தையில் ஒரே துணியை வாங்கி, ஒருவர் சட்டையும் மற்றவர் தலையணை உறையும் தைத்துக்கொண்டது போன்ற கதை. சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்று தோன்றலாம். ஆனால் எல்லாச் சொல்லும் அப்படிப்பட்டதன்று. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரை வாரிக்கொண்டு போனதை நம் வீடுகள் மறந்திருக்க இயலாது. மாண்டவருள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மழைக்காலத்து மலையாள அறிவிப்புகளில் ‘உருள்பொட்டல்’ என்னும் சொல் வரும். நாம் நிலச்சரிவு என்றோ மண்சரிவு என்றோ வழங்கும் நிகழ்ச்சிக்கு அவர்கள் இட்ட பெயர் அது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியே கண்டு பழகிய வீட்டில், புதிதாக மணமாகி வந்த மருமகளுக்கும், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வருவோருக்கும் அச்சொல் தெரியுமா? தெரியாதெனில் எத்தனை சொற்கள் தெரியவில்லை? இதனைத் தாங்கள்தாம் நமக்குச் சொல்ல வேண்டும். ஆனி ஆடி மாத மடலில் அச்சொற்களை முதற்பக்கத்தில் இடலாமா என்று கேட்கிறோம்.

இதற்கு மறுதலையான செய்தி ஒன்றும் உண்டு. ‘அங்ஙாடிக்குப் போயிருந்தேன்’ என்று பிள்ளை சொன்னால், ‘மலையாளம் கலக்காதே’ என்று அதட்டும் பெற்றோர் பலர். மதுரைக்காஞ்சியில் பகலில் நடக்கும் நாளங்காடியும் உண்டு. இரவில் நடக்கும் அல்லங்காடியும் உண்டு. நாம் ‘மார்க்கெட்’ என்று சொல்லப் பழகி அங்காடியை மறந்தோம். அவர்கள் மறக்கவில்லை, அவ்வளவே. பறைதல் என்பது சொல்லுதல் என்னும் பொருளில் பழந்தமிழில் வழங்கியது. ஈழத் தமிழர் பேச்சில் இன்றும் கேட்கலாம். வெள்ளம் என்றால் நீர் என்னும் பொருளும் பழைய தமிழுக்குப் புதிதன்று. ஆதலால் அதட்டுமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். எனினும் இதிலிருந்து ‘மலையாளமே பழந்தமிழ்தானே’ என்று பக்கத்து வீட்டாரிடம் வாதுக்குப் போகும் அன்பர்களை நாம் ஊக்குவிக்க மாட்டோம். தனக்கென இலக்கணமும் காப்பியமும் கொண்டு தனித்து வளர்ந்த மொழி அது. மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்தது பாலக்காட்டுச் சித்தூரில் சோகநாசினிக் கரையில் என்பது மரபு. அதே சித்தூரின் அரசுக் கல்லூரியில் இன்று தமிழ் கற்பிக்கிறார்கள். இரண்டும் ஓரூரில் இருப்பது நமக்குப் பெருமையாகவே தோன்றுகிறது.

நிற்க. மடலைப் பற்றி நம் மனத்தை மிகவும் உறுத்தும் கேள்விக்கு வருகிறோம். வீட்டில் அதனை யார் வாசிக்கிறார்கள்?

பாட்டியார் தோட்டத்தில் உழைத்தவர்; பலருக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. தந்தையார் தமிழ் வழியில் சில வகுப்புகள் படித்தவர். பிள்ளைகள் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். கேரளத்தில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கற்றல் கட்டாயம் என்று 2017 இல் சட்டமாயிற்று. வாழும் மாநிலத்தின் மொழியைப் பிள்ளைகள் கற்பது நன்றே. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. தமிழ் வழியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவும் இம்மாநிலத்தில் இடமுண்டு. ஆயினும் அவ்வழியை நாடும் குடும்பங்கள் எத்தனை? வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும் சிறுவன், பேருந்தின் நெற்றியில் ‘தேனி’ என்று தமிழில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாமல் நிற்கும் காட்சி குமுளியில் புதிதன்று. அவன் தன் சிற்றன்னைக்குக் கைபேசியில் தமிழ்ச் செய்தி அனுப்புவது ஆங்கில எழுத்தில்; தன் நோட்டில் தமிழ்ப் பாட்டை எழுதி வைப்பது மலையாள எழுத்தில். அவனுக்கும் சேர்த்துத்தானே மடல்?

ஆகவே சில அன்பர்கள் ஒரு யோசனை கூறுகிறார்கள்: மடலின் ஒரு பக்கத்தைத் தமிழ்மொழியில், மலையாள எழுத்தில் அச்சிடுக என்று. வேறு சிலர் இதைக் கேட்டதும் கொதிக்கிறார்கள். எழுத்தைக் கைவிட்டபின் மொழி எத்தனை நாள் நிற்கும் என்பது அவர்கள் கேள்வி. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தமிழைப் பிற எழுத்தில் எழுதுவது நூதனமன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதி, அர்வி என்ற பெயரில் ஒரு நூல் தொகுதியையே உருவாக்கினார்கள். அதனால் தமிழ் அவர்களிடம் மறைந்து போகவில்லை. தமிழ் எழுத்தும் அவர்களிடம் உடன் வாழ்ந்தது. 1860 இல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குக் கப்பலேறிய தொழிலாளர் குடும்பங்களின் வழிவந்தோரிடையே, தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடும் வழக்கம் உண்டு. அங்கே பக்தி நின்றது. பேச்சுமொழி பெரும்பாலும் நிற்கவில்லை.

நம் கருத்து யாது எனில், மலையாள எழுத்தில் ஒரு பத்தி இருக்கலாம். ஆனால் அதே பத்தி பக்கத்திலேயே தமிழெழுத்திலும் இருக்க வேண்டும். மலையாள எழுத்து அறிந்த பிள்ளை தமிழெழுத்தைக் கற்பது அரிதன்று. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளையெல்லாம் கற்றுவிட்டவனுக்கு இங்கே சுமை குறைவுதான். இரண்டையும் அருகருகே வைத்தால் சில கிழமைகளில் அவனே கண்டுபிடித்துக்கொள்வான் என்று எண்ணுகிறோம். இது நம் எண்ணமே, முடிவன்று. இதை மறுப்போர் காரணத்தோடு மறுத்து எழுதுக. தங்கள் வீட்டுப் பிள்ளையிடம் மடலைக் கொடுத்து, எத்தனை வரி வாசிக்க முடிகிறது என்று பார்த்து எழுதினால் அது எல்லா வாதத்தினும் வலியது.

இனி, ஓர் இதழின் இணைப்பைப் பற்றிக் கடிதம் எழுதாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்குச் சற்றுப் பழைய கதை சொல்ல வேண்டும்.

நம்முள் எல்லோரும் வந்தவர் அல்லர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி என்னும் அஞ்சுநாட்டு ஊரார் தேயிலைத் தோட்டங்களுக்கு மிக முற்பட்டவர்கள். பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில் மலபார் மாவட்டத்தின் பகுதி. சித்தூர் கொச்சி அரசின் கீழ் இருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரின் கீழ் இருந்தன. ஆகவே நம்முள் எல்லையைக் கடந்து வந்தவரும் உண்டு. எல்லை தம்மைக் கடந்து சென்றவரும் உண்டு. தமிழர் மிகுந்த தாலுகாக்கள் ஒன்பதைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தெற்கே நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியைச் சேர்ந்தது. சித்தூரும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. 1951 ஆம் ஆண்டுக் கணக்கின்படி தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தமிழரே பெரும்பான்மையினர். ஆயினும் தோட்டங்களுக்கு வந்து போகும் தொழிலாளரால் ஏற்பட்ட பெரும்பான்மை அது என்று 1955 இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் கருதியது. பொருளாதாரக் காரணங்களும் உடன் எடுத்துரைக்கப்பட்டன.

அந்த எல்லையை மீண்டும் கிளறுவது நம் நோக்கமன்று. எழுபதாண்டுகளாக இம்மண்ணில் உழைத்து, வாக்களித்து, மலையாளிகளோடு கொண்டும் கொடுத்தும் வாழ்கிறோம். நாம் சுட்ட விரும்புவது ஒன்றே. வந்து போகிறவர் என்று அன்று எழுதப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே மலையில்தான் இருக்கிறார்கள். தம் இருப்பைத் தாமே எழுதி வைக்காதவரைப் பற்றிப் பிறர் எழுதுவதே நிற்கும்.

மொழிச் சிறுபான்மையினருக்குச் சட்டம் தந்திருப்பவையும் அத்தகையனவே. கேட்டால் கிடைக்கும், கேளாவிட்டால் ஏட்டில் உறங்கும். 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழியாக்கியபோதே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், தத்தம் பகுதி அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம் என்றும், அம்மொழியிலேயே விடை பெறலாம் என்றும் இடம் வைத்தது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்பது அரசியலமைப்பின் 350 ஆம் விதி. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்னும் 350 அ விதி 1956 இல் சேர்க்கப்பட்டது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ, ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ இருந்தால் தாய்மொழி ஆசிரியர் வேண்டும் என்று 1949 இலேயே மாகாணக் கல்வியமைச்சர் மாநாடு தீர்மானித்தது. பத்துப் பேர் என்பது பெரிய எண்ணன்று. ஆனால் அந்தப் பத்துப் பேரின் பெற்றோரும் விண்ணப்பத் தாளில் தமிழ் என்று எழுத வேண்டும். ஒருவர் தயங்கினால் ஒன்பதாகிவிடும்.

தயக்கம் எதனால் வருகிறது? உரிமையை அறியாமையால் சிறிது. அதனினும் மிகுதியாக, தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டமையால். ‘விடுநர்’, ‘பெறுநர்’ என்று எங்கே எழுதுவது, ‘மதிப்புக்குரிய ஐயா’ என்பதற்குப் பின் என்ன எழுதுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போர் பலர். அவர்கள் முதற்கடிதத்தை நமக்கு எழுதட்டுமே. இங்கே எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பார் இல்லை. மடலில் பிடிக்காததை எழுதிப் பழகிய கை, நாளை ஊராட்சிக்குக் குடிநீர் கேட்டு எழுதத் தயங்காது. அவ்வாறு தமிழில் மனு எழுதியவர்கள், தமிழில் விடை வந்ததா, மலையாளத்தில் வந்ததா, வரவேயில்லையா என்பதையும் நமக்குத் தெரிவித்தால், எந்தெந்த வகை மனுவுக்கு மாதிரி வேண்டும் என்று அறிந்து மடலில் இடுவோம். அலுவலகத்தின் பெயரை நாம் வெளியிட மாட்டோம். குறை சொல்வது நோக்கமன்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதைச் சார்ந்தது. 2011 க்குப் பின் 2021 இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 ஆம் ஆண்டுக்கென்று வைக்கப்பட்டது. அதில் தாய்மொழி கேட்கப்படும்போது தமிழ் என்று சொன்னால் மலையாளத்துக்குத் துரோகம் செய்ததாகாது. அறிந்த பிற மொழிகளைச் சொல்லத் தனி இடமுண்டு, அங்கே மலையாளத்தைச் சொல்லலாம். இதை மடலில் விளக்கிய கட்டுரை தெளிவாக இருந்ததா என்பதையும் அறிய விரும்புகிறோம்.

இத்தனை கேள்வியோடு ஒரு யாசகமும் இருக்கிறது. தங்கள் வீட்டுச் சொற்களை எங்களுக்குத் தாருங்கள்.

1879 இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மரே என்னும் ஆசிரியர், ஆக்ஸ்போர்டு அகராதிக்காகப் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் அச்சிட்டு அனுப்பினார்: வாசிக்கும் நூல்களில் காணும் சொற்களை வாக்கியத்தோடு சிறு தாள்களில் எழுதி அனுப்புக என்று. யார் யாரோ எழுதினார்கள். 1928 இல் அகராதி நிறைவெய்தியபோது மரே உயிரோடில்லை. அவர் கேட்டு வாங்கிய தாள்கள் அதில் நின்றன. நம் நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தந்தது. ஆயினும் ஏட்டில் ஏறாத பேச்சுச் சொற்கள் எத்தனையோ வெளியே நின்றன. கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் 1982 இல் ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். கொங்கு நாட்டுக்குப் பெருமாள்முருகன் 2000 இல் தந்தார். எல்லைக்கு இப்பால் நம் பேச்சுக்கு யார் தருவார்கள்? கிரியர்சன் துரை இந்திய மொழிகளையெல்லாம் அளந்தபோது சென்னை மாகாணமும் ஐதராபாத்தும் மைசூரும் அவ்வளவீட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. பாலக்காடு அன்று சென்னை மாகாணம். ஆக, அக்கணக்கிலும் நம் ஊர்ப் பேச்சு ஏறவில்லை.

நம் பேச்சு ஒரே படித்தானதும் அன்று. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் கொங்குத் தமிழின் ஓசை. கல்பாத்தி அக்கிரகாரத்தில் மலையாளம் ஊறிய வேறொரு தமிழ். ‘ஆக்கும்’ என்று வாக்கியத்தை முடிக்கும் அழகை அங்கே கேட்க வேண்டும். மூணாற்று லயங்களில் திருநெல்வேலியும் மதுரையும் இராமநாதபுரமும் கலந்த தமிழ். கங்காணி, கொழுந்து, கவ்வாத்து என்று தோட்டமே கற்றுக்கொடுத்த சொற்கள். அஞ்சுநாட்டிலோ இவை எதனோடும் முழுதும் ஒவ்வாத பழைய பேச்சு. முதுவர் பேச்சு தமிழுக்கு மிக அணுக்கமானது. அவர்களிடம் சொல் கேட்போர் முதலில் அவர்கள் இசைவைக் கேட்டல் வேண்டும்.

சொல்லை அனுப்பும்போது வெறுஞ்சொல் போதாது. யார் சொல்கிறார்கள், எந்த ஊரில், எந்தச் சமயத்தில் என்பதும், அச்சொல் வரும் ஒரு வாக்கியமும் வேண்டும். ‘எங்கள் அப்பத்தா மட்டும்தான் சொல்வார்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்பத்தா மட்டும் சொல்லும் சொல்லே நமக்கு முதலில் வேண்டும். எழுதத் தெரியாத மூத்தோர் கைபேசியில் பேசிப் பதிவு செய்யட்டும். பேரன் பேத்தியர் அதனைக் கேட்டு எழுதி அனுப்பட்டும். மலையாள எழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வோம். மலையாளக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நம் பெண்களின் கடிதங்களை மிகவும் எதிர்பார்க்கிறோம். எந்தச் சொல் எந்த வீட்டில் எப்பொருள் தரும் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இலர். குழம்புக்கும் கறிக்கும் இடையே அவர்கள் நடத்திய பேச்சுவார்த்தைகளை எழுதினாலே ஒரு மடல் நிரம்பிவிடும்.

கடிதங்கள் அடுத்த திங்கள் 20 ஆம் நாளுக்குள் சங்க நிலையத்துக்கு வந்து சேர்ந்தால், அதற்கடுத்த மடலில் அவற்றின் சாரத்தை வெளியிட வசதியாக இருக்கும். பெயர் வெளியிட விரும்பாதோர் அவ்வாறே குறிப்பிடுக. ஊர்ப் பெயரை மட்டும் எல்லோரும் தெளிவாக எழுத வேண்டுகிறோம். முத்திரை அழிந்து வரும் அட்டைகளில் சொல் கிடைக்கிறது, ஊர் கிடைப்பதில்லை. ‘மடல் மிக நன்று’ என்று எழுத விரும்புவோர் அதனைக் கடைசி வரியில் எழுதலாம்.